"பேர் போடாமல் எழுது": அச்சம் எங்களை எப்படி ஆள்கிறது?

தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. மறுபக்கத்தில் இருந்தவர் சிங்களம் கலந்த தமிழில் மிக மரியாதையாகப் பேசினார். என் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், தகப்பனாரின் பெயரையும் சொன்னார். பிறகு, "போன கிழமை அந்த ஆர்ப்பாட்டத்தில நின்டீங்கதானே, செய்தி எடுக்கத்தான் போனீங்களா?" என்று கேட்டார். எந்தப் பிரிவிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "சும்மா தெரிஞ்சுகொள்ளத்தான்" என்றார். அழைப்பு 2 நிமிடம்கூட நீடிக்கவில்லை.

அவர் மிரட்டவில்லை, அந்தச் செய்தியை எழுதாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு கட்டுரையைத் திறந்தபோது நானே மூன்று வசனங்களை அழித்தேன். அடுத்த நாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளை, பேர் போடாமல் எழுதேலாதே?" என்று கேட்டார்.

அந்த மூன்று வசனங்களை அழிக்கச் சொன்னது யார்? தொலைபேசியில் பேசியவர் அல்ல. எனக்குள் ஏற்கெனவே குடியிருந்த ஒன்றுதான். அது எப்போது வந்தது, யார் கொண்டுவந்து வைத்தார்கள், எப்படி இவ்வளவு மலிவாக வேலை செய்கிறது என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

மலிவான ஆயுதம்

ஒரு அரசாலோ ஆயுத அமைப்பாலோ தனக்குக் கீழ் உள்ள எல்லோரையும் நாள் முழுவதும் கண்காணிக்க முடியாது. அதற்கு ஆளும் காணாது, பணமும் காணாது. ஆகவே ஒருவரைத் தண்டித்து, அதை ஆயிரம் பேர் பார்க்கும்படி செய்கிறது. மீதி வேலையை அந்த ஆயிரம் பேரும் தாங்களே செய்துகொள்வார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது இதை ஒரு கட்டடத்தின் கதையாகத்தான் முதலில் அறிந்தேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறைச்சாலையின் மாதிரியை வரைந்தார். சிறைக்கூடங்கள் வட்டமாக இருக்கும். நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் இருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்கலாம், ஆனால் கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. தெரியாததால் எந்நேரமும் ஆள் இருப்பதாக நினைத்தே அவர் நடந்துகொள்வார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் பூக்கோ 1975 இல் வெளியான தன் நூலில், நவீன அதிகாரம் முழுவதுமே இப்படித்தான் இயங்குகிறது என்று விளக்கினார்.

விரிவுரை மண்டபத்தில் இருந்த எங்களில் பலருக்கு அதைப் புரிந்துகொள்ளப் படம் தேவைப்படவில்லை. சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கிய காவலரண்களைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போய் வந்தோம். உள்ளே சென்ட்ரியில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்காமலே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போன பிள்ளைகள் நாங்கள்.

தற்காலிகம் என்று வந்த சட்டம்

எங்கள் நாட்டில் அச்சத்துக்கு ஒரு சட்ட இலக்கம் உண்டு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் முழுப் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு என்று வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

அது வந்த காலத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன பிரிகேடியர் வீரதுங்கவை வடக்குக்கு அனுப்பி, அவ்வருடம் டிசம்பர் 31 க்கு முன் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பணித்தார். அதே ஜூலையில் இன்பம், செல்வம் என்ற இளைஞர்களின் உடல்கள் பண்ணைப் பாலத்தடியில் கிடந்தன. தீவுப்பகுதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடந்தே ஆகவேண்டிய இடம் அது. உடல்களை மறைக்க நினைப்பவர் அங்கே கொண்டுபோய்ப் போடமாட்டார்.

சட்டம் அச்சத்தை எப்படி உற்பத்தி செய்கிறது என்பதை அதன் பிரிவுகளை வாசித்தால் விளங்கிக்கொள்ளலாம். மூலச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி அமைச்சர் ஒப்பமிடும் ஆணையொன்றின் பேரில் ஒருவரை மூன்று மாதமாக நீட்டி நீட்டி 18 மாதங்கள் வரை குற்றச்சாட்டு எதுவுமின்றி வைத்திருக்கலாம். 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அது அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அடி வாங்கியவர் மீதே விழும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் எந்தச் சாட்சியைக் கூட்டிக்கொண்டு வருவார்?

2022 இல் திருத்தம் வந்தது. தடுப்புக்காவலின் உச்சக் காலம் 12 மாதங்களாகக் குறைந்தது. பிணை பெறுவதற்கும் ஒரு சிறு வழி திறந்தது. ஆனால் வாக்குமூலம் பற்றிய பிரிவு அப்படியே இருந்தது. 2018 இலும் 2023 இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வந்தன, எதிர்ப்புக் கிளம்பின, நிறைவேறாமல் போயின. பழைய சட்டம் மட்டும் தங்கிவிட்டது.

இந்தச் சட்டத்தின் வெற்றியை அது பெற்றுக்கொடுத்த தண்டனைகளை வைத்து அளக்க முடியாது. பத்து, பதினைந்து வருடங்கள் சிறையில் இருந்துவிட்டு நிரபராதி என்று வெளியே வந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அந்த வழக்கு தோல்வி. ஆனால் அவர் உள்ளே இருந்த அத்தனை வருடமும் அவருடைய ஊரே பாடம் படித்தது. அவரோடு படித்தவர்கள் தொலைபேசியில் இருந்து அவருடைய இலக்கத்தை அழித்தார்கள். தங்கச்சிக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது. அச்சத்தின் கணக்கில் அது வெற்றிதான்.

முகம் தெரியாதவர்கள்

'தலையாட்டி' என்ற சொல்லை எங்கள் வயதுக்காரர்கள் பெரியவர்களிடமிருந்தே கேட்டிருப்பார்கள். சுற்றிவளைப்பு நடக்கும். ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரையும் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வெயிலில் இருத்துவார்கள். பிறகு வரிசையாக ஒரு வாகனத்தின் முன்னால் நடக்கவிடுவார்கள். உள்ளே சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவர் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் நீங்கள் ஒரு பக்கம். ஆட்டாவிட்டால் மற்றப் பக்கம். இலங்கை இராணுவம் இதைச் செய்தது, 1987 முதல் 1990 வரை இருந்த இந்திய அமைதிப்படையும் செய்தது.

முகமூடி தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்கத்தான் என்று சொல்வார்கள். ஆனால் அது இன்னொன்றையும் செய்தது. சாக்குக்குள் இருந்தது யார் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரா, கடைக்காரரா, பிள்ளைக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தவரா? சுற்றிவளைப்பு மாலையில் முடிந்துவிடும். சந்தேகம் முடியாது. ஒருவரையொருவர் நம்பாத சனம் எதற்கும் ஒன்றாகச் சேர்ந்து நிற்காது.

வெள்ளை வானும் அதே தர்க்கத்தில் வந்ததுதான். எண்தகடு இல்லை, சீருடை இல்லை, பிடியாணை இல்லை. இறந்தவருக்கு ஒரு உடல் இருக்கிறது. எட்டுச் செலவு, அந்தியேட்டி, திவசம் என்று துக்கத்துக்கு ஒரு வழியும் முடிவும் இருக்கிறது. காணாமலாக்கப்பட்டவருக்கு அது எதுவுமில்லை. அவருடைய குடும்பம் துக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்குகிறது. வாயைத் திறந்தால் எங்கோ உயிரோடு இருப்பவருக்கு ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் வாயைக் கட்டிவிடுகிறது. ஒருவரைக் கடத்தினால் ஒரு குடும்பம் முழுவதையும் பணயம் வைத்த மாதிரி. இது தமிழருக்கு மட்டும் நடந்ததல்ல. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது தெற்கில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இவ்வாறே காணாமலாக்கப்பட்டார்கள். அங்கே பழகிய கைகளுக்கு இங்கே புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை.

கிறீஸ் பூதம் வந்த மாதம்

2011 ஓகஸ்டை எடுத்துக்கொள்வோம். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். திடீரென்று நாட்டின் பல பகுதிகளில் 'கிறீஸ் பூதம்' பற்றிய கதை பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வீடுகளுக்குள் புகுந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்றார்கள். மலையகம், கிழக்கு, புத்தளம் என்று வந்து கடைசியில் வடக்குக்கும் வந்தது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில், கதவு சரியாகப் பூட்டாத தகரக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஓகஸ்ட் 22 இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சனம் மர்ம மனிதர்களைத் துரத்தியது. அவர்கள் இராணுவ முகாம் பக்கம் ஓடினார்கள் என்று சொல்லி மக்கள் அங்கே திரண்டார்கள். நள்ளிரவுக்குப் பிறகு படையினரும் பொலிஸாரும் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். சுமார் நூறு பேர் கைதானார்கள். கை, கால் முறிந்த நிலையில் அவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

பூதம் உண்மையா, வதந்தியா, யார் பின்னால் நின்றார்கள் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதன் விளைவைத்தான் பார்க்கிறேன். பெண்கள் இருட்டியபின் வெளியே வரவில்லை. இளைஞர்கள் இரவுக் காவல் போட்டார்கள், காவல் போட்டதற்காக அடி வாங்கினார்கள். பாதுகாப்புக் கேட்டு முறையிடப் போக வேண்டிய இடமும், பயத்தின் காரணமாகச் சனம் சந்தேகித்த இடமும் ஒன்றாகவே இருந்தன.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. ஓகஸ்ட் 25 அன்று, நீண்ட காலம் நீடித்த அவசரகாலச் சட்டம் நீக்கப்படும் என ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கடதாசியில் அவசரகாலம் முடிந்துகொண்டிருந்தது. நாவாந்துறையில் சனம் காயங்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்குள் இருந்த பயம்

அரசைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இக்கட்டுரையை முடித்தால் அதுவும் பயத்தால் எழுதியதாகத்தான் இருக்கும்.

'துரோகி' என்ற சொல் எங்களிடையே எத்தனை உயிர்களை எடுத்தது என்பது எங்களுக்குத் தெரியும். மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு, கழுத்தில் மட்டையில் எழுதித் தொங்கவிட்ட காலத்தை எங்கள் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். அந்த மட்டை இறந்தவருக்கு எழுதியதல்ல. சந்தைக்குப் போகும் வழியில் அதை வாசிப்பவர்களுக்கு எழுதியது. பண்ணைப் பாலத்தடியில் உடலைப் போட்டவர்களின் தர்க்கமும் இதுவும் வேறல்ல.

யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீட விரிவுரையாளரும் 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லா ஆயுததாரிகளின் மீறல்களையும் அவர் எழுதினார். அவரைக் கொன்றது விடுதலைப் புலிகளே என்று அவரோடு பணியாற்றியவர்கள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். அயலவர்களான தமிழர்கள் பலர் கண்ணீரோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேசவில்லை. பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2009 இல் வன்னியில் சிக்கியிருந்தவர்கள் இரண்டு பயங்களுக்கு நடுவில் இருந்தார்கள். பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடத்திலேயே ஷெல் விழுந்தது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்கருக்குள் மகளை ஒளித்து வைத்திருந்த தாய்க்கு, மேலே விழும் ஷெல்லுக்கும் வாசலில் வரும் காலடிக்கும் ஒரே நேரத்தில் பயப்பட வேண்டியிருந்தது. அதிலிருந்து தப்பி வந்த சுமார் மூன்று இலட்சம் பேரை முட்கம்பிக்குப் பின்னால் முகாம்களில் அடைத்தது அரசு.

இதைச் சொல்வது எல்லாக் குற்றங்களும் சமம் என்று தராசில் வைப்பதற்காக அல்ல. ஒரு அரசின் பலமும் பொறுப்பும் வேறு. ஆனால் அச்சத்தால் ஆளும் முறை எந்தக் கொடிக்கும் சொந்தமானதல்ல. எங்கள் பக்கத்துப் பயத்தைப் பற்றிப் பேச முடியாதவரை மற்றப் பக்கத்துப் பயத்தைப் பற்றி நாங்கள் பேசுவதும் பாதிப் பேச்சுத்தான்.

பயப்படுத்தப்பட்ட பெரும்பான்மை

அச்சம் சிறுபான்மையை அடக்க மட்டும் பயன்படுவதில்லை. பெரும்பான்மையைக் கூட்டிச் சேர்க்கவும் பயன்படுகிறது. இலங்கையில் எண்ணிக்கையில் பெரும்பான்மையான சிங்கள மக்களிடம், தென்னிந்தியாவின் கோடிக்கணக்கான தமிழருக்கு முன்னால் நாங்கள் ஒரு சிறு கூட்டம் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டிருக்கிறது. நாடு பிரிந்துவிடும், பௌத்தம் அழிந்துவிடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லப்பட்டது. சாமானின் விலையைக் கேட்க வேண்டிய சனம் எதிரி எங்கே என்று கேட்டது.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த உண்மையான துயரத்தின் மேல் ஒரு அரசியல் கட்டப்பட்டது. முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கைதானார்கள். ஹசலக்கவில் ஒரு பெண், தன் உடையில் இருந்த கப்பல் சுக்கான் படம் தர்மச் சக்கரம் போலத் தெரிந்தது என்பதற்காகக் கைது செய்யப்பட்டார். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அந்த வருடம் தேசிய பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். 2022 இல் எரிவாயுவும் மாவும் இல்லாமல் வரிசையில் நின்றபோதுதான், தாங்கள் எதற்குப் பயந்து வாக்களித்தோம், உண்மையில் எதற்குப் பயந்திருக்க வேண்டும் என்று தெற்கில் பலர் கேட்டார்கள்.

செய்தியாளரைக் கொன்றால்

யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், இராணுவக் காவல் நிறைந்த பகுதியில் இருந்த தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31. கொழும்பில் கடத்தப்பட்ட தராக்கி சிவராமின் உடல் 2005 ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்றத்துக்கு அண்மையில் கிடந்தது. 2006 மே 2 அன்று உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக்கொன்றார்கள். 2009 ஜனவரி 8, லசந்த விக்கிரமதுங்க. இந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவற்றில் திருகோணமலைச் சம்பவம் அச்சத்தின் பொறிமுறையை முழுதாகக் காட்டுகிறது. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. அவர்கள் சுடப்பட்டதைக் காட்டும் படங்களை எடுத்தவர் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். சாட்சிகள் மிரட்டப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 2019 இல், போதிய சான்று இல்லை என்று விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 சந்தேகநபர்களும் விடுவிக்கப்பட்டார்கள். முதலில் கொலை, பிறகு அதைக் காட்டியவரின் கொலை, பிறகு சாட்சிகளின் பயம், கடைசியில் சான்று இல்லை என்ற தீர்ப்பு. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது.

எலிசபெத் நோல்-நோய்மன் என்ற ஜேர்மன் ஆய்வாளர் 1974 இல் 'மௌனச் சுழல்' என்ற கோட்பாட்டை முன்வைத்தார். தன் கருத்துச் சிறுபான்மைக் கருத்து, அதைச் சொன்னால் தனிமைப்படுத்தப்படுவோம் என்று நினைப்பவர் பேசாமல் இருக்கிறார். அவர் பேசாததால் அதே கருத்துள்ள இன்னொருவரும் தான் தனி ஆள் என்று நினைக்கிறார். அவரும் பேசுவதில்லை. இப்படியே மௌனம் மௌனத்தைப் பெருக்குகிறது. அவர் சொன்னது தனிமைப்படுவோம் என்ற பயத்தை. எங்களிடம் அதோடு நாலாம் மாடியும் வெள்ளை வானும் சேர்ந்திருந்தன.

இப்போதைய வடிவம்

இன்று சந்திகளில் மண்மூட்டைகள் குறைவு. பயம் இலகுவான உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. தொலைபேசி அழைப்பாக வருகிறது. நிகழ்வில் தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுப்பவராக வருகிறது. சங்கக் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பெயர்ப்பட்டியல் கேட்பவராக, முன்னாள் போராளியின் வீட்டுக்கு 'சும்மா பார்க்க' வருபவராக வருகிறது.

நினைவுகூர்தலின் மேல்தான் அது இன்னும் பாரமாக விழுகிறது. 2021 ஜனவரி 8 இரவு யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்து அகற்றப்பட்டது. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சியது அந்தக் கஞ்சி. கைதுக்குப் பயன்பட்டது சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். உரிமைகளைக் காக்க வந்த சட்டமே கஞ்சிப் பானைக்கு முன்னால் நிறுத்தப்பட்டது. அதே வருடம் தொடக்கத்தில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முகநூலில் ஒரு படத்தைப் போடுவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கிறோம். அந்த யோசனைதான் சட்டத்தின் விளைச்சல்.

பயம் தோற்ற இடங்கள்

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இடித்த தூபிக்காக மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்று நாளில் புதிய தூபிக்கு அடிக்கல் வைக்க வேண்டி வந்தது. சம்பூர்க் கைதுகளுக்குப் பிறகும் வடக்குக் கிழக்கில் கஞ்சி காய்ச்சினார்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவும், பிறகு முல்லைத்தீவும் சேர்ந்தன. பிள்ளையைக் காணாமலே இறந்துபோன தாய் தந்தையர் எத்தனையோ பேர். கொட்டகையின் படங்களுக்குப் பக்கத்தில் இப்போது அவர்களுடைய படங்களும் தொங்குகின்றன. அங்கே இருந்த ஒரு அம்மாவிடம் பயமில்லையா என்று நான் கேட்டேன். "பயம் இருந்தது பிள்ளை. என்னட்ட இருந்ததை எல்லாம் கொண்டு போட்டாங்கள். இனி எதைக் காட்டி வெருட்டுறது?" என்றார்.

ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்த 1977 இல், காணாமல்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்று பொலிஸ் சொன்னது. அவர்கள் இருவர் இருவராக நடக்கத் தொடங்கினார்கள். அவ்வருட இறுதியில் அவர்களில் மூவர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் அடுத்த வியாழக்கிழமைகளிலும் வந்தார்கள். பின்னர் அந்த ஆட்சியின் தளபதிகள் நீதிமன்றக் கூண்டில் ஏறினார்கள்.

தனி ஆளைப் பிடித்தால்தான் அச்சம் வேலை செய்யும். அதனால் எங்கள் பாதுகாப்பும் தனியாக இல்லாமல் இருப்பதில்தான் தொடங்குகிறது. விசாரணைக்கு வா என்று யாராவது அழைத்தால் பெயர், பதவி, பிரிவு கேளுங்கள். தமிழில் எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். வீட்டாருக்கும் இன்னொருவருக்கும் சொல்லாமல் போகவேண்டாம். சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு உங்களோடு வருவதற்கு 2012 இல் வெளியான விதிகள் இடம் கொடுக்கின்றன. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்கவேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அது விசாரணையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இவை எல்லாம் எப்போதும் மதிக்கப்படுவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டால் பதிவு இருக்கும். கேட்காவிட்டால் நடந்தது என்பதற்கே அடையாளம் இருக்காது.

எனக்கு வந்த அழைப்பின் திகதி, நேரம், இலக்கம் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். என் ஆசிரியருக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் சொன்னேன். பிறகு அழித்த மூன்று வசனங்களையும் திருப்பி எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கட்டுரை வந்த அன்று அம்மா வாசித்தார். மேலே என் பெயரைப் பார்த்துவிட்டு, "போட்டிட்டியே" என்றார். கொஞ்ச நேரத்தில், "சரி, அடுத்த முறை ஆர்ப்பாட்டத்துக்குப் போகேக்க தனியப் போகாதை. நானும் வாறன்" என்றார்.